முதல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை கைகொடுக்கவில்லை, இரண்டாவது செய்துகொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைப்பையின் மேல்பகுதியை இறுக்கும் பேண்ட் என்ற வளையத்தைப் பொருத்திக்கொண்டு ஏழு வருடம் வாழ்ந்தவள் நான். முதல் இரண்டு வருடத்தில் 27 கிலோ குறைந்தது. அடுத்த ஐந்து வருடத்தில் அதில் 20 கிலோ திரும்பி வந்தது. கூடவே தூக்கத்தைக் கெடுக்கும் ராத்திரி வாந்தியும் வந்தது. கடைசியில் பேண்டைக் கழற்றி, மூன்று மாதம் இடைவெளி விட்டு, பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) செய்துகொண்டேன். அதற்குப் பிறகு, முதல் சிகிச்சை பலிக்காமல் தவிக்கும் பலர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் வயிற்றைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவர் முன்னால் போய் உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரியாமல் நான் விழித்தது போல நீங்கள் விழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் தடவை பலிக்காமல் போனதற்கு நான்தானே காரணம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். அந்த வெட்கத்தில் இரண்டு வருடம் டாக்டர் பக்கமே போகவில்லை. போயிருந்தால் என் உணவுக்குழாய் அவ்வளவு விரிந்திருக்காது.

உடல் பருமன் நாள்பட்ட நோய். எடை குறைந்ததும் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூட்டுகிறது, சக்தி செலவழிப்பதைக் குறைக்கிறது. அறுவை சிகிச்சை இந்த இழுபறியில் நம் பக்கம் பலம் சேர்க்கிறது. ஆனால் எல்லாச் சிகிச்சையும் ஒரே அளவு பலம் தருவதில்லை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. பேண்ட் போட்டவர்களுக்கு 20 சதவீதம் என்பது 14 ஆகியிருந்தது. எந்தச் சிகிச்சையிலும் கொஞ்சம் திரும்பி வந்தது, பேண்டில் ஆரம்பத்திலேயே இழப்பு குறைவு. இதை மனவுறுதி இல்லாதவர்கள் எல்லாரும் பேண்ட் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லி விளக்க முடியுமா?

பழக்கத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாடு. மூன்றாவது வாயில் ஒரு துண்டு கோழி. நெஞ்சுக்குழிக்கு மேலே கல்லை வைத்தது போல அது நின்றுவிடும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். கழிவறையில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன், நுரை நுரையாக வழியும். கால் மணி நேரம் கழித்து அந்தத் துண்டு மென்றது மென்றபடியே வெளியே வரும். பிறகு பசிக்கும். அப்போது தடங்கலில்லாமல் இறங்குவது ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும்தான். ஒரு வருடம் இப்படிப் போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? என்னைப் பார்த்த டயட்டீஷியன் "ஐஸ்கிரீமை நிறுத்துங்கள்" என்றார். பேண்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

எனக்கு ஆறு கிலோ ஏறியிருக்கிறது. இதுவும் தோல்விதானா?

பெரும்பாலும் இல்லை. எடை தன் அடிமட்டத்தைத் தொடுவது பொதுவாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள். அதற்குப் பிறகு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நிற்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் நடக்கிறது. மொத்த எடையில் 20 சதவீதம்கூடக் குறையாவிட்டால் சிகிச்சை போதிய பலன் தரவில்லை என்றும், இழந்த எடையில் 30 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்தால் கவனிக்க வேண்டிய ஏற்றம் என்றும் இப்போது நிபுணர்கள் பலர் கணக்கு வைக்கிறார்கள். 120 கிலோ இருந்து 85-க்கு வந்தவர் 35 கிலோ இழந்திருக்கிறார். அவருக்கு அந்த எல்லை பத்தரைக் கிலோ.

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. எடை அதிகம் ஏறாமலே சர்க்கரை நோய் திரும்பியிருக்கலாம். எடை அப்படியே இருக்க, நெஞ்செரிச்சலால் படுக்க முடியாமல் போகலாம். இவையும் மறு சிகிச்சையை யோசிக்கக் காரணம்தான். சொல்லப்போனால் இவைதான் வலுவான காரணம்.

அப்படியென்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

"இன்னொரு ஆபரேஷன் செய்யலாமா?" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "முதலாவது ஏன் நின்றுபோனது?" என்பதற்கு விடை கண்டுபிடிப்பது. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் செய்யும் இரண்டாவது அறுவை, பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்குவது போல.

காரணம் நான்கு இடத்தில் இருக்கலாம். வயிற்றின் அமைப்பில்: பேண்ட் நழுவியிருக்கும், ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து மீதியைக் குழாய் போல ஆக்குவது) விரிந்திருக்கும் அல்லது முதலிலேயே பெரிதாக விடப்பட்டிருக்கும், பைபாஸில் பிரித்த இரண்டு பகுதிகளுக்கு நடுவே மறுபடி வழி ஏற்பட்டிருக்கும். உடம்பின் இயல்பில்: அமைப்பு கச்சிதமாக இருந்தும் நோய் வலுத்திருக்கும். மருந்துகளில்: ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநோய் மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையை ஏற்றும். தைராய்டு குறைவையும் இங்கேயே சேர்த்துப் பார்த்துவிடலாம். நான்காவது அன்றாட வாழ்க்கை: நாள் முழுக்கக் கொறிப்பது, திரவமாகக் குடிக்கும் கலோரிகள், மது, தூக்கமின்மை, துக்கம், பின்தொடர் கவனிப்பே இல்லாமல் போவது.

பரிசோதனை என்று பார்த்தால் எண்டோஸ்கோப்பியும், மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் கட்டாயம் போல. நெஞ்செரிச்சல் இருந்தால் அமில அளவு, உணவுக்குழாய் அழுத்தம் பார்க்கும் சோதனைகளும் வேண்டியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, புரதம் பார்ப்பார்கள்.

அந்த எக்ஸ்ரே எடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்து, கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து, ஒரு மடக்கு விழுங்கச் சொன்னார்கள். பக்கத்துத் திரையில் அது இறங்குவது தெரிந்தது. மேலே இருந்து வந்து, பேண்டுக்கு மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. உணவுக்குழாய் பை மாதிரி உப்பியிருந்தது. கீழே நூல் போல ஒரு கோடு மட்டும் சொட்டியது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அங்கேயே அழுதேன். ஐந்து வருடமாக என் மீது நானே வைத்திருந்த குற்றச்சாட்டு அந்தத் திரையில் கரைந்தது.

பழைய ஆபரேஷன் விவரம் என்னிடம் இல்லை. அது அவசியமா?

மிகவும் அவசியம். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அறுவைக் குறிப்பையே கேட்டு வாங்குங்கள். எவ்வளவு இரைப்பையை எடுத்தார்கள், குடலை எத்தனை சென்டிமீட்டரில் இணைத்தார்கள், அப்போது ஹையாட்டஸ் ஹெர்னியா (இரைப்பை நெஞ்சுப் பக்கம் பிதுங்குவது) இருந்ததா, எந்த வகை பேண்ட் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கிடைக்கவே இல்லை என்றால் ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் ஓரளவு ஈடுசெய்யும்.

எனக்குப் பேண்ட் இருக்கிறது. எடுத்துவிட்டால் போதாதா?

வாந்தி, அடைப்பு, நெஞ்செரிச்சல் போக வேண்டும் என்பது மட்டுமே குறி என்றால் போதும். பேண்ட் நழுவினாலோ இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனாலோ எடுத்தே ஆக வேண்டும், அதில் யோசனைக்கே இடமில்லை. பேண்டை இறுக்கவும் தளர்த்தவும் ஊசியால் திரவம் ஏற்றி இறக்கத் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் போர்ட், வருடங்கள் கழித்துத் திடீரென்று சிவந்து சீழ் பிடித்தால் அரிப்பு நடந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாவிட்டால் பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிடுகிறது. எனக்கு அந்த இடைப்பட்ட மூன்று மாதத்திலேயே 5 கிலோ ஏறியது. சாப்பிட்டது தங்குதடையில்லாமல் இறங்கிய அந்த முதல் வாரத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதியையும் மறைக்க மாட்டேன்.

பேண்டிலிருந்து ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ மாறலாம். எதிர்க்களிப்பு (இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவது) இருந்தவர்களுக்கும், உணவுக்குழாய் விரிந்தவர்களுக்கும் பைபாஸ்தான் பொதுவாகப் பொருந்தும். காரணம் எளிது: ஸ்லீவ் ஒரு குறுகலான குழாய், உள்ளே அழுத்தம் அதிகம், அமிலம் மேலே வருவதற்கு அது வழிசெய்துவிடும்.

கழற்றுவதையும் அடுத்த சிகிச்சையையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

சிலருக்கு முடியும். பேண்டைச் சுற்றித் தடித்த தழும்பு இருந்தாலோ, அரிப்போ தொற்றோ இருந்தாலோ, உணவுக்குழாய் விரிந்திருந்தாலோ இரண்டு கட்டமாகச் செய்வதுதான் பாதுகாப்பு. நடுவில் சுமார் மூன்று மாதமாவது திசு ஆற விடுவார்கள். சில நேரம் டாக்டர் உள்ளே பார்த்த பிறகுதான் முடிவு செய்வார். மயக்கம் தெளிந்ததும் "ஒன்றுதான் முடிந்தது" என்று கேட்க நேரலாம் என்பதற்கு முன்பே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்லீவ் செய்தேன். இப்போது நெஞ்செரிச்சலும் இருக்கிறது, எடையும் ஏறுகிறது. எதற்கு மாறுவது?

இரண்டில் எது உங்களை அதிகம் வதைக்கிறது என்பதைப் பொறுத்தது.

நெஞ்செரிச்சல் முதன்மை என்றால் ரூ-ஆன்-ஒய் எனப்படும், இரண்டு இணைப்புகள் உள்ள வழக்கமான பைபாஸ்தான் நன்கு நிலைபெற்ற வழி. அமிலம் சுரக்கும் பெரும் பகுதியைப் பாதையிலிருந்து விலக்கிவிடுவதால் பெரும்பாலோருக்கு எதிர்க்களிப்பு வெகுவாகக் குறைகிறது. மினி பைபாஸ் என்று சொல்லப்படும் ஒற்றை இணைப்பு வகையில் பித்தநீர் மேலே வர வாய்ப்பு இருப்பதால், எதிர்க்களிப்பு உள்ளவர்களுக்கு அதைச் சொன்னால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். மாத்திரை சாப்பிட்டு எரிச்சல் அடங்கிவிட்டது என்பதற்காக எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம். நீண்ட நாள் அமிலம் பட்டால் உணவுக்குழாயின் உட்படலம் மாறும், அந்த மாற்றம் வலிக்காது.

எடைதான் முதன்மை, எரிச்சல் இல்லை என்றால் விஷயம் சிக்கலானது. ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாறுவதால் எடையில் கிடைக்கும் கூடுதல் பலன் பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் உணவுப் பாதையிலிருந்து விலக்கும் டியோடினல் ஸ்விட்ச், சாடி போன்றவை எடையை அதிகம் குறைக்கும். ஸ்லீவ் என்பதே முதலில் டியோடினல் ஸ்விட்சின் முதல் கட்டமாகப் பிறந்ததுதான், அதனால் அமைப்பும் பொருந்தும். விலை என்னவென்றால் புரதம், கொழுப்பில் கரையும் வைட்டமின்கள், இரும்பு, கால்சியம் எல்லாம் குறையும் அபாயம் அதிகம், மலம் இளகிப் போகும், ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை உண்டு. மாத்திரையை மறக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஸ்லீவையே மறுபடி வெட்டிச் சிறிதாக்குவது, தெளிவாக விரிந்த ஒரு பகுதி படத்தில் தெரிந்தால் தவிர, நீடித்த பலன் தருவது அரிது.

பைபாஸே செய்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன இருக்கிறது?

வழிகள் குறைவு, இல்லாமல் இல்லை. பைக்கும் குடலுக்கும் நடுவே உள்ள வாய் விரிந்திருந்தால் எண்டோஸ்கோப் வழியாகவே உள்ளிருந்து தையல் போட்டுச் சுருக்குகிறார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. குறையும் எடை மிதமானது, ஆபத்தும் குறைவு. பழைய இரைப்பையோடு மறு வழி ஏற்பட்டிருந்தால் அதை மூட வேண்டும். குடலின் நீளத்தை மாற்றி உறிஞ்சுவதைக் குறைக்கும் அறுவையும் இருக்கிறது, ஆனால் அதில் கடுமையான புரதக் குறைபாடு வரலாம். நிறைய அனுபவமுள்ள குழு அல்லாமல் வேறு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பலூன் வைத்தேன், எடுத்ததும் எல்லாம் திரும்பிவிட்டது.

இரைப்பைக்குள் வைக்கும் பலூன் தற்காலிகம். பெரும்பாலும் ஆறு மாதம் போல உள்ளே இருக்கும், எடுத்ததும் வயிறு பழையபடிதான். அது பலிக்கவில்லை என்பது அறுவை சிகிச்சை உங்களுக்குப் பலிக்காது என்பதற்கு அடையாளம் இல்லை. வயிற்றில் வெட்டு ஏதும் நடந்திராததால் உங்களுக்கு இது கிட்டத்தட்ட முதல் அறுவையைப் போலத்தான்.

இரண்டாவது தடவை ஆபத்து அதிகமா?

அதிகம். இதை மெழுகிப் பேசும் டாக்டரிடம் எச்சரிக்கையாக இருங்கள். முதல் அறுவையின் தழும்பில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதனால் தையல் கசிவு, ரத்தக்கசிவு, தொற்று, நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம் எல்லாமே முதல் தடவையைவிட அதிகம் நடக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டி வருவதும் உண்டு. அதே சமயம், அனுபவமுள்ள இடங்களில் பெரும்பாலோர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பது எந்த அறுவையிலிருந்து எதற்குப் போகிறீர்கள், சர்க்கரை நோய், புகைபிடித்தல், தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்பதை எல்லாம் பொறுத்தது.

எவ்வளவு எடை குறையும் என்று எதிர்பார்க்கலாம்?

முதல் தடவை குறைந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். பொதுவாக இரண்டாவதில் குறைவது முதலாவதைவிடக் குறைவு. பேண்டிலிருந்து பைபாஸுக்கு மாறுவது பரவாயில்லை, ஏனென்றால் பலம் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகிறோம். ஏற்கெனவே பலமான சிகிச்சை செய்தவர்களுக்கு வித்தியாசம் சிறிது.

அடைப்பு, எதிர்க்களிப்பு, அரிப்பு போன்ற கோளாறுக்காகச் செய்துகொண்டவர்கள்தான் எனக்குத் தெரிந்தவர்களில் திருப்தியாக இருப்பவர்கள். ஒரு எண்ணைத் துரத்திச் செய்துகொண்டவர்களில் பலர் இன்னும் அந்த எண்ணைத்தான் துரத்துகிறார்கள்.

இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே. மறுபடி ஏன் கத்தி?

இது நியாயமான கேள்வி. கடந்த சில வருடங்களில் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய மாற்றமும் இதுதான். செமாக்ளூடைடு 2.4 மில்லிகிராம் ஊசியை வைத்து 2021-ல் வெளியான ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக சுமார் 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசியின் உயர்ந்த அளவில் 2022-ல் வந்த ஆய்வில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதம். இவை ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இல்லை. ஆனாலும் அறுவைக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் இந்த வகை மருந்துகள் வேலை செய்கின்றன என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

என் தீர்ப்பு: வயிற்றின் அமைப்பில் கோளாறு இல்லை, எடை மட்டுமே பிரச்சினை என்றால் இரண்டாவது அறுவைக்கு முன் மருந்தை முயன்று பார்ப்பதுதான் அறிவு. இதை உங்கள் டாக்டர் பேச்சிலேயே எடுக்கவில்லை என்றால் நீங்கள் எடுங்கள். நழுவிய பேண்டையோ, மறுவழி ஏற்பட்ட இரைப்பையையோ எந்த ஊசியும் சரிசெய்யாது. எதிர்க்களிப்பைச் சிலருக்கு இது கூட்டவும் செய்யும், ஏனென்றால் இரைப்பை காலியாவதை இந்த மருந்துகள் தாமதப்படுத்துகின்றன.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். வருடக்கணக்கில் வாங்கித் தாக்குப்பிடிக்க முடியுமா என்று வீட்டுக் கணக்கில் உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடும் நமக்குப் பசி மேலும் அடங்கும்போது புரதமும் வைட்டமினும் குறையும், அதற்கும் கண்காணிப்பு தேவை. ஊசி எடுத்துக்கொண்டிருக்கும்போது அறுவை நாள் குறித்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் வயிறு என்று நினைப்பது வெறும் வயிறாக இல்லாமல் இருக்கலாம்.

மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு என்ன பைத்தியமா?

எனக்கும் கோபம் வந்தது. போன பிறகுதான் புரிந்தது. அவர் எனக்குத் தேர்வு வைக்க உட்காரவில்லை. "ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். அம்மா இறந்ததிலிருந்து நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். எந்த பைபாஸும் அந்த நேரத்தைத் தொட்டிருக்காது.

அறுவைக்குப் பிறகு மனச்சோர்வு கூடுவதும், பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறி அடிமைப் பழக்கமாவதும் நடக்கிற விஷயங்கள். ஏற்கெனவே இரண்டில் ஒன்று இருந்தால் மறைக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள்.

முதல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போகவா, வேறு இடமா?

அவர் உங்கள் குறையைக் காதுகொடுத்துக் கேட்டு, பரிசோதனை செய்து, படத்தைக் காட்டி விளக்கினால் அவரைவிட உங்கள் வயிற்றை அறிந்தவர் வேறு யார்? "நீங்கள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவில்லை" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிட்டால் வேறு இடம் பாருங்கள். எந்த நிலையிலும் இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பே இல்லை, நல்ல டாக்டர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போகிற இடத்தில் இதைக் கேளுங்கள்: மறு அறுவை மட்டும் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? என் வகை மாற்றத்தை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குக் கசிவு வந்தது? நடுராத்திரி சிக்கல் வந்தால் எண்டோஸ்கோப்பி, ஐசியூ இங்கேயே இருக்கிறதா? ஒன்றும் செய்யாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம். முதல் சந்திப்பிலேயே தேதி குறிக்க அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். பேண்ட் நழுவி அடைத்துக்கொண்டது போன்ற அவசரம் தவிர, இதில் யோசிக்க நேரம் உண்டு.

வீட்டில் "மறுபடியுமா?" என்கிறார்கள்.

அவர்கள் பயத்தை அப்படிச் சொல்கிறார்கள். என் கணவர் முதல் தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், இரண்டாவது முறை என்றதும் பேச்சையே நிறுத்திவிட்டார். நான் வாதாடவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போனேன். அந்த எக்ஸ்ரே படத்தை அவரும் பார்த்தார். திரும்பி வரும் வழியில், "இவ்வளவு நாள் இதோடவா சாப்பிட்டுக்கிட்டு இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

முன்தயாரிப்பு, பிறகு வரும் பத்தியம், மாத்திரை எல்லாம் முதல் தடவை மாதிரிதானா?

கிட்டத்தட்ட. முன்னால் இரண்டு வாரம் போல குறைந்த கலோரித் திரவ உணவு, ஈரலைச் சுருக்குவதற்காக. பின்னால் திரவம், மசித்தது, மென்மையானது என்று படிப்படியாக. புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் என்பது பொது அளவு.

பேண்டிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் பெரிய மாற்றம். பேண்ட் சத்து உறிஞ்சுவதைத் தொடுவதில்லை, பைபாஸ் தொடும். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம் சிட்ரேட், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

சிகரெட்டை ஆபரேஷனுக்கு மட்டும் நிறுத்தினால் போதுமா?

போதாது. பைபாஸில் குடல் இணைத்த இடத்தில் புண் வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே. பல்வலிக்குக் கடையில் கேட்காமல் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது.

அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். இரண்டாவது அறுவைக்கும் இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், அதனால் வேறு முறையைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

செய்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

அதுவும் முழுமையான முடிவுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்லீவுக்குப் பிறகு 14 கிலோ ஏறி, எல்லாப் பரிசோதனையும் செய்து, அமைப்பில் குறையில்லை என்று தெரிந்ததும் மறு அறுவை வேண்டாம் என்றார். தூக்கத்தில் மூச்சடைப்புக்குச் சிகிச்சை எடுத்தார், எடை ஏற்றும் ஒரு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார், ஊசியும் தொடங்கினார். முதல் அறுவைக்கு முன்பிருந்த எடையைவிட இப்போதும் வெகுவாகக் கீழேதான் இருக்கிறார். அறுவை வேண்டாம் என்றாலும் வருடாந்திர ரத்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

பேண்ட் இருந்து, தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி எடுத்தால் அன்றே. பேண்டில் உள்ள திரவத்தை ஊசியால் எடுத்தாலே பல நேரம் உடனடி நிவாரணம் கிடைக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு விட்டு விட்டு வரும் கடுமையான வயிற்றுவலி, குறிப்பாகச் சாப்பிட்ட பிறகு வந்தால், குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் அதை நம்பி வீட்டுக்கு வந்துவிடாமல் சிடி ஸ்கேன் கேளுங்கள். கருப்பாக மலம் போனாலும் தாமதிக்க வேண்டாம். எந்தச் சிகிச்சை செய்தவராக இருந்தாலும், பல நாள் வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது வந்தால் அது வைட்டமின் பி1 (தயமின்) குறைவாக இருக்கலாம், மூளையைப் பாதிக்கும். அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் கதை தெரியாது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்கச் சொல்லி நீங்களோ கூட வந்தவரோ நினைவுபடுத்துங்கள். என் மணிபர்ஸில் மடித்து வைத்திருக்கும் சின்ன அட்டையில் மூன்று வரிதான் இருக்கிறது: என்ன அறுவை, எந்தத் தேதி, வாந்தி என்றால் முதலில் தயமின்.